லாரி ஓட்டியவர் கப்பலை மாற்றிய கதை: யார் இந்த மால்கம் மெக்லீன்?

உங்க உள்ளங்கையில் ஒரு பிளாஸ்டிக் பெட்டி இருப்பதாக வச்சுக்கோங்க. நீளம் பதினெட்டரை சென்டிமீட்டர். பக்கமெல்லாம் வரிவரியாக மடிப்பு, ஒரு முனையில் இரண்டு கதவு, கதவில் நூல் மாதிரி மெல்லிய கம்பிகள். பொம்மை என்று சொன்னால் அதைச் சேகரிப்பவர்களுக்குக் கோபம் வரும். அமெரிக்க ரயில்களில் ஓடும் 53 அடி உள்நாட்டு சரக்கு கன்டெய்னரை அப்படியே 87 மடங்கு சுருக்கியது அது. மாடல் ரயில்வே உலகில் அந்த அளவுக்கு எச்ஓ என்று பெயர். ஏதர்ன், வால்தர்ஸ், கேட்டோ போன்ற நிறுவனங்கள் இப்படிப்பட்ட பெட்டிகளைத் தயாரிக்கின்றன. கேட்டோவின் பெட்டிகள் பெரும்பாலும் இன்னும் சின்னதான என் அளவில், அதாவது 1:160-ல் வரும்.

இந்தப் பெட்டியைக் கொஞ்சம் உற்றுப் பாருங்க. இரண்டு முனைகளில் இருந்தும் இரண்டு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் அதிகமாக உள்ளே தள்ளி, மற்ற மடிப்புகளைவிடத் தடிமனாக ஒரு தூண் நிற்கும். நிஜப் பெட்டியில் அது ஆறரை அடி உள்ளே இருக்கும். பெட்டியின் மொத்த எடையும் அந்த நான்கு தூண்களில்தான் இறங்குகிறது. கிரேன் பிடித்துத் தூக்குவதும் அங்கேதான். பெட்டியின் நீளம் 53 அடி. தூண்களுக்கு இடையே உள்ள தூரமோ 40 அடி.

ஏன் இப்படி? மூலையில் வைத்தால் ஆகாதா? இதற்குப் பதில் தெரியணும்னா வட கரோலினாவில் ஒரு பெட்ரோல் பங்க்கில் வேலை பார்த்த ஒரு இளைஞரின் கதையைத் தெரிஞ்சுக்கணும்.

முட்டை விற்ற பையன்

மால்கம் மெக்லீன் 1913-ல் அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில், மாக்ஸ்டன் என்ற சின்ன ஊரில் பிறந்தார். விவசாயக் குடும்பம். சின்ன வயதில் அம்மா கொடுத்த முட்டைகளைச் சாலையோரம் நின்று விற்று, அதில் கமிஷன் வாங்கியவர் என்று சொல்வார்கள். 1931-ல் பள்ளிப்படிப்பை முடித்தபோது நாடே பொருளாதார மந்தத்தில் கிடந்தது. கல்லூரிக்குப் போகக் காசில்லை. பெட்ரோல் பங்க்கில் வேலைக்குச் சேர்ந்தார்.

அந்த பங்க்குக்கு 28 மைல் தொலைவில் இருந்த ஃபயட்வில் ஊரிலிருந்து எண்ணெய் வரும். கொண்டுவரும் லாரிக்காரருக்கு ஒரு நடைக்கு 5 டாலர் கூலி. இது மெக்லீன் கண்ணில் பட்டது. பெட்ரோல் போட்டு நிற்பதைவிட எண்ணெய் ஏற்றி வருவது மேல் இல்லையா? 1934-ல் ஒரு பழைய லாரியை வாங்கினார். அக்கா தங்கை, தம்பி என்று குடும்பத்தையே கூட்டுச் சேர்த்து மெக்லீன் டிரக்கிங் கம்பெனி தொடங்கியது. முதல் ஓட்டுநர் அவரேதான்.

ஒருமுறை நியூயார்க்குக்கு சரக்கு ஏற்றிப் போகும் வழியில் ஒரு பாலத்தில் சுங்கம் கட்டக்கூடக் கையில் காசில்லையாம். தன் ஸ்பானரை அடமானமாகக் கொடுத்துவிட்டுப் போய், சரக்கை இறக்கிப் பணம் வாங்கியதும் திரும்பி வந்து மீட்டார் என்று ஒரு கதை உண்டு. பணக்காரர் ஆன பிறகு சொல்லப்படும் வறுமைக் கதைகளை நான் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் கேட்பேன். ஆனால் அவர் பிற்பாடு கடன் வாங்கிய விதத்தைப் பார்த்தால் இது நடந்திருக்கும்னு தோணுது.

இன்னொரு கதை இதைவிடப் பிரபலம். 1937-ல் நியூ ஜெர்சியில் ஒரு கப்பல்துறையில் பஞ்சுப் பொதிகளை இறக்க நாள் முழுக்கக் காத்திருந்தாராம். தொழிலாளர்கள் ஒவ்வொரு பொதியாகத் தூக்கிக் கப்பலுக்குக் கொண்டுபோவதைப் பார்த்து, லாரியையே அப்படியே தூக்கிக் கப்பலில் வைத்தால் என்ன என்று அங்கேயே யோசனை வந்ததாம். கூகுளில் தேடினால் முதலில் இதுதான் வரும். கன்டெய்னர் வரலாற்றை விரிவாக எழுதிய மார்க் லெவின்சன் இதை நம்பவில்லை. காரணம், அந்த யோசனைக்கும் முதல் கப்பலுக்கும் நடுவே கிட்டத்தட்ட இருபது வருஷம் இருக்கு. அந்த இருபது வருஷமும் மெக்லீன் லாரித் தொழிலைத்தான் பெருக்கிக்கொண்டிருந்தார். கப்பல் பக்கமே போகவில்லை.

நிஜத்தில் அவரைக் கடலுக்குத் தள்ளியது ஒரு சாதாரண எரிச்சல். டிராஃபிக்.

பிரச்சனை சாலையில்தான் இருந்தது

1950-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் கிழக்குக் கடற்கரைச் சாலைகள் நெரிசலில் திணறின. கார்கள் பெருகிவிட்டன, விரைவுச்சாலைகள் இன்னும் வரவில்லை. வடக்கே நியூயார்க்குக்கும் தெற்கே கரோலினாவுக்கும் இடையே ஓடும் மெக்லீனின் லாரிகள் மணிக்கணக்கில் நின்றன. நிற்கிற லாரி நஷ்டம். அந்தச் சாலைகளுக்குப் பக்கத்திலேயே காலியாகக் கடல் கிடந்தது. உலகப் போரில் கட்டிய கப்பல்கள் மலிவு விலைக்குக் கிடைத்தன.

1953 வாக்கில் அவர் போட்ட திட்டம் இதுதான்: லாரியின் பின்பகுதியான டிரெய்லரை அப்படியே கப்பலில் ஏற்றுவது, அடுத்த துறைமுகத்தில் வேறொரு இன்ஜினில் மாட்டி ஓட்டுவது. கவனிச்சீங்களா? வெளிநாட்டு வணிகம் என்ற பேச்சே இதில் இல்லை. இன்று உலகமயமாக்கலின் சின்னமாக நாம் பார்க்கும் கன்டெய்னர் ஒரு நாட்டுக்குள்ளே, ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்குச் சரக்கு அனுப்பத்தான் பிறந்தது.

பிறகு ஒரு கணக்கு இடித்தது. டிரெய்லரோடு சக்கரம், அச்சு, அடிச்சட்டம் எல்லாம் கப்பலில் ஏறினால் பாதி இடம் வீண். ஒன்றின் மேல் ஒன்று அடுக்கவும் முடியாது. சக்கரத்தைக் கழற்றிவிட்டு மேலே இருக்கும் பெட்டியை மட்டும் ஏற்றினால்? இந்த இடத்தில்தான் டிரெய்லர் கன்டெய்னராக மாறியது.

முன்னாடி எப்படி இருந்தது?

இதன் மதிப்பு புரியணும்னா பழைய முறையைப் பார்க்கணும். 1954-ல் 'வாரியர்' என்ற சரக்குக் கப்பல் நியூயார்க்கின் புரூக்ளினிலிருந்து ஜெர்மனியின் பிரெமர்ஹாஃபனுக்குப் போனது. அந்த ஒரு பயணத்தின் கணக்கை ஆய்வாளர்கள் எண்ணி எண்ணி எழுதி வைத்திருக்கிறார்கள். 151 ஊர்களிலிருந்து 1,156 தனித்தனி சரக்குகள் வந்திருந்தன. மூட்டை, பெட்டி, டிரம், சுருள் என்று மொத்தம் 1,94,582 உருப்படிகள். ஒவ்வொன்றையும் மனிதர்கள்தான் தொட்டு, தூக்கி, அடுக்கினார்கள். கடல் பயணத்துக்கு ஆனது பத்தரை நாள். ஏற்ற ஆறு நாள், இறக்க நான்கு நாள்.

மொத்தச் செலவில் கடலைக் கடந்த செலவு 11.5 சதவீதம். சரக்கைக் கையாண்ட செலவோ மூன்றில் ஒரு பங்குக்கும் மேல்.

அதாவது கப்பலை வேகமாக ஓட்டி ஒரு லாபமும் இல்லை. காசு கரைந்துபோனது கரையில். கப்பல்காரர்கள் தலைமுறை தலைமுறையாகக் கப்பலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மெக்லீன் லாரிக்காரர் என்பதால் கரையைப் பார்த்தார். இந்த 'வாரியர்' கப்பலின் சொந்தக்காரர் வாட்டர்மேன் என்ற கப்பல் கம்பெனி. பெயரை ஞாபகம் வச்சுக்கோங்க.

எல்லாம் கடனில்

அமெரிக்கச் சட்டப்படி லாரி கம்பெனி வைத்திருப்பவர் அனுமதி இல்லாமல் கப்பல் கம்பெனியை வைத்துக்கொள்ள முடியாது. போட்டிக்கு வந்துவிடுவார் என்று ரயில்வே நிறுவனங்களும் எதிர்த்தன. உங்களுக்கு நாட்டிலேயே பெரிய லாரி கம்பெனிகளில் ஒன்று சொந்தம், வயது நாற்பதைத் தாண்டியாச்சு. இந்த நிலையில் என்ன செய்வீங்க? மெக்லீன் தான் இருபது வருஷம் வளர்த்த கம்பெனியை விட்டுவிட்டார். பங்குகளை முதலில் அறக்கட்டளையில் வைத்து, பிறகு விற்றார்.

1955 ஜனவரியில் பான்-அட்லான்டிக் என்ற சிறிய கப்பல் கம்பெனியை 70 லட்சம் டாலருக்கு வாங்கினார். அதே வருஷம் மே மாதம் அதன் தாய்க் கம்பெனியான வாட்டர்மேனையே வாங்கினார். இதற்காக நேஷனல் சிட்டி வங்கியில் வாங்கிய கடன் 4.2 கோடி டாலர். அவர் போட்ட சொந்தப் பணம் 10,000 டாலர்தான். வாட்டர்மேன் கையில் ரொக்கமும் சொத்தும் நிறைய இருந்தன. கம்பெனி கைக்கு வந்ததும் அந்தப் பணத்தையே எடுத்துக் கடனில் பெரும்பகுதியை அடைத்தார். வாங்கப்படும் கம்பெனியின் சொத்தை வைத்தே அதை வாங்கும் இந்த வித்தைக்கு இன்று நிதித்துறையில் தனிப் பெயர், தனிப் படிப்பு எல்லாம் இருக்கு. அதன் முதல் உதாரணங்களில் ஒன்றாக இதைச் சொல்கிறார்கள்.

பணம் வந்தாச்சு, பெட்டி வேணுமே. வாஷிங்டன் மாநிலத்தின் ஸ்போகேன் நகரில் கீத் டான்ட்லிங்கர் என்ற பொறியாளர் இருந்தார். 1949-லேயே அலாஸ்கா போகும் படகுகளுக்காக 30 அடி அலுமினியப் பெட்டிகளை வடிவமைத்தவர். மெக்லீன் அவரைக் கூப்பிட்டார். மாதிரிப் பெட்டிகள் வந்து சேர்ந்தபோது கம்பெனியின் பெரிய அதிகாரிகள் பெட்டியின் கூரை மேல் ஏறிக் குதித்து, அது தாங்குமா என்று பார்த்தார்களாம். தாங்கியது.

டான்ட்லிங்கர் செய்த பெரிய வேலை பெட்டியின் மூலைகளில் இருக்கு. எட்டு மூலையிலும் ஓட்டை வைத்த எஃகு வார்ப்பு. அதில் நுழைத்துத் திருப்பினால் பூட்டிக்கொள்ளும் ஒரு சாவி மாதிரியான கருவி. கிரேன், லாரி, மற்றொரு பெட்டி எதுவானாலும் இதே பூட்டுதான். ட்விஸ்ட்லாக் என்று பெயர். அடுத்த முறை ஈ.சி.ஆரிலோ புறவழிச்சாலையிலோ ஒரு கன்டெய்னர் லாரியை முந்தும்போது மூலையைப் பாருங்க, அந்த ஓட்டை இருக்கும். மாடல் தயாரிப்பாளர்களும் அதை விடுவதில்லை. எச்ஓ அளவில் அது குண்டூசித் தலை அளவுக்குத்தான் வரும், ஆனால் அது இல்லாத மாடலை வாங்க ஆள் இல்லை.

1956 ஏப்ரல் 26 அன்று நியூ ஜெர்சியின் நியூவர்க் துறைமுகத்தில் பழைய எண்ணெய்க் கப்பல் ஒன்றில் ஏழு நிமிஷத்துக்கு ஒன்று என்ற கணக்கில் கிரேன் பெட்டிகளை இறக்கி வைத்தது. கப்பலின் பெயர் 'ஐடியல் எக்ஸ்'. 58 பெட்டிகள். எட்டு மணி நேரத்துக்குள் வேலை முடிந்து, அன்றே டெக்சாஸின் ஹூஸ்டனுக்குக் கிளம்பியது. விருந்தினர்கள் சாப்பாடு சாப்பிட்டு வேடிக்கை பார்த்தார்கள். மெக்லீன் விமானத்தில் ஹூஸ்டன் போய்க் கப்பல் வருவதைக் காத்திருந்து பார்த்தார்.

அப்போது உதிரிச் சரக்கை ஏற்ற ஒரு டன்னுக்கு 5.83 டாலர் ஆகும். 'ஐடியல் எக்ஸ்' கணக்குப்படி ஆனது 15.8 சென்ட். அதாவது கிட்டத்தட்ட 37-ல் ஒரு பங்கு.

அந்தச் சேமிப்பு யாருடைய கூலி?

இந்த இடத்தில் கொஞ்சம் நிக்கலாம். அந்த 5.83 டாலரில் பெரும்பகுதி யாரோ ஒருவரின் வீட்டுக்குப் போன சம்பளம். துறைமுகத் தொழிலாளிக்கு அது சுலபமான வாழ்க்கை இல்லை. தினமும் காலையில் வரிசையில் நின்று, மேஸ்திரி கை காட்டினால்தான் அன்று வேலை. முதுகு போகும், விரல் போகும். ஆனாலும் நியூயார்க்கின் மன்ஹாட்டன், புரூக்ளின் கரைகளில் அப்பா, மகன், மருமகன் என்று தெருவே அந்த வேலையில்தான் வாழ்ந்தது.

1958-ல் மெக்லீனின் புதிய கன்டெய்னர் கப்பல்கள் போர்ட்டோ ரிகோவின் சான் ஹுவானுக்குப் போனபோது, அங்கிருந்த தொழிலாளர்கள் பெட்டிகளைத் தொட மறுத்தார்கள். கப்பல்கள் நான்கு மாதம் சும்மா கிடந்தன. கம்பெனிக்குப் பெரிய அடி. கடைசியில் தேவைக்கு மேலேயே ஆட்களை வைத்துக்கொள்வதாக ஒப்புக்கொண்டுதான் வேலை நடந்தது.

மேற்குக் கடற்கரையில் ஹாரி பிரிட்ஜஸ் தலைமையிலான சங்கம் வேறு வழியில் போனது. இயந்திரம் வருவதை நிறுத்த முடியாது, வருகிற லாபத்தில் பங்கு கேட்போம் என்று முடிவெடுத்து 1960-ல் ஒப்பந்தம் போட்டார்கள். கிழக்கிலும் 1960-களின் நடுவில் வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் வருஷ வருமானத்துக்கு உத்தரவாதம் கிடைத்தது. ஏற்கெனவே சங்கத்தில் இருந்தவர்கள் ஓரளவு தப்பினார்கள். அவர்களின் பிள்ளைகளுக்கு அந்த வேலையே இல்லாமல் போனது. ஆற்றின் அந்தப் பக்கம் நியூ ஜெர்சியில் பரந்த காலி நிலத்தில் எலிசபெத் துறைமுகம் வளர வளர, மன்ஹாட்டன் கப்பல்துறைகள் துருப்பிடித்தன.

இன்று ஏஐ வந்து நம்ம வேலை என்னாகும் என்று ராத்திரி யோசிக்கிற தலைமுறைக்கு இந்த இரண்டு ஒப்பந்தங்களும் படிக்க வேண்டிய விஷயம்னு எனக்குத் தோணும். மெக்லீன் இதையெல்லாம் பெரிதாக யோசித்ததாகத் தெரியவில்லை. அவருக்குச் சரக்கு, செலவு, நேரம். அவ்வளவுதான்.

35-ஆ, 24-ஆ, 40-ஆ?

1960-ல் பான்-அட்லான்டிக்கின் பெயர் சீ-லேண்ட் என்று மாறியது. அவர்களின் பெட்டி 35 அடி நீளம். ஏன் 35? நியூவர்க்குக்கு வரும் நெடுஞ்சாலைகளில் அப்போது அனுமதித்த அதிகபட்ச நீளம் அதுதான். ஹவாய்க்குக் கப்பல் விட்ட மாட்சன் கம்பெனி தன் சரக்கைக் கணக்குப் போட்டு 24 அடி என்று முடிவெடுத்தது. ஆளுக்கொரு பெட்டி. ஒருவர் பெட்டி இன்னொருவர் கப்பலில் உட்காராது, ஒருவர் பூட்டு மற்றவர் கிரேனில் மாட்டாது.

1961 முதல் சர்வதேசத் தர அமைப்பான ஐஎஸ்ஓ இதில் இறங்கியது. வருஷக்கணக்கில் கமிட்டி, வாக்குவாதம், வரைபடம். முடிவில் நின்றவை 10, 20, 30, 40 அடிகள். கவனிங்க, 35-ம் இல்லை, 24-ம் இல்லை. நிஜமாகவே கப்பலில் ஓடிக்கொண்டிருந்த இரண்டு பெரிய கம்பெனிகளின் அளவும் தோற்றுப்போயின.

ஆனால் மூலைப் பூட்டில் கதை வேறு. அதற்கான காப்புரிமை சீ-லேண்டிடம் இருந்தது. எல்லோரும் ஒரே பூட்டு போட்டால்தான் இந்தத் தொழிலே வளரும் என்று டான்ட்லிங்கர் எடுத்துச் சொல்ல, மெக்லீன் 1963-ல் அந்த உரிமையை விட்டுக்கொடுத்தார். இன்று உலகின் எந்தத் துறைமுகத்திலும் இருக்கும் மூலை வார்ப்பு அதன் வழியில் வந்ததே. அவர் அளவு தோற்றது, அவர் பூட்டு ஜெயித்தது.

மாடல் ரயில்வேகாரர்களுக்கு இந்தச் சண்டையெல்லாம் மனப்பாடம். 1960-களின் துறைமுகம் ஒன்றை மேசை மேல் கட்டுபவர் பன்னிரண்டே கால் சென்டிமீட்டர் நீளமுள்ள சீ-லேண்ட் பெட்டியைத் தேடி அலைவார். அதுதான் 35 அடி. அங்கே ஒரு பதினெட்டரை சென்டிமீட்டர் பெட்டியை வைத்துப் பாருங்க, சோழர் காலப் படத்தில் ஹீரோ கையில் வாட்ச் கட்டிய மாதிரி இருக்கும்.

வியட்நாம், பிறகு ஜப்பான்

1966-ல் சீ-லேண்ட் கப்பல் அட்லான்டிக்கைத் தாண்டி ராட்டர்டாம் போனது. அடுத்த பாய்ச்சலுக்குக் காரணம் போர். வியட்நாமில் அமெரிக்க ராணுவத்துக்குப் போன சரக்கு துறைமுகங்களில் தேங்கி, கப்பல்கள் கடலில் வரிசையாகக் காத்துக் கிடந்தன. மெக்லீன் நேரில் போய்ப் பார்த்து, ராணுவத்திடம் விடாமல் பேசி 1967-ல் ஒப்பந்தம் வாங்கினார். காம் ரான் விரிகுடாவில் கன்டெய்னர் துறைமுகம் எழுந்தது.

போகும்போது ராணுவம் முழு வாடகை கொடுத்தது. திரும்பும்போது பெட்டிகள் காலி. சரக்கு லாரி வைத்திருப்பவர்களுக்கு இந்த வலி தெரியும், ரிட்டர்ன் லோடு இல்லாமல் வருவது. வழியில் இருந்த ஜப்பானில் அப்போது டிவி, ரேடியோ உற்பத்தி பொங்கிக்கொண்டிருந்தது. 1968-ல் அங்கே நிறுத்தி ஏற்ற ஆரம்பித்தார். ஏற்றிப்போனது போருக்கான சரக்கு, கொண்டுவந்தது ஜப்பானின் எலக்ட்ரானிக்ஸ்.

1969-ல் சீ-லேண்டை சிகரெட் கம்பெனியான ஆர்.ஜே. ரெனால்ட்ஸுக்கு விற்றார். விலை 53 கோடி டாலர், அவர் பங்குக்கு வந்தது சுமார் 16 கோடி. கதை இங்கே முடிந்திருந்தால் இது வழக்கமான வெற்றிக்கதை. முடியவில்லை.

எண்ணெய் இரண்டு முறை ஏமாற்றியது

விற்பதற்கு முன்பே அவர் திட்டம் போட்டிருந்த எஸ்எல்-7 என்ற எட்டுக் கப்பல்கள் 1972 முதல் கடலில் இறங்கின. மணிக்கு 33 கடல்மைல் வேகம். அந்தக் காலத்து சரக்குக் கப்பல்களில் இப்படி ஒரு வேகமே கிடையாது. எண்ணெயையும் அதே வேகத்தில் குடித்தன. எண்ணெய் மலிவாக இருந்தபோது வரைந்த கப்பல் அது. 1973-ல் எண்ணெய் விலை எகிறியது. ஓட ஓட நஷ்டம். கடைசியில் அமெரிக்கக் கடற்படை அவற்றை வாங்கிக்கொண்டது.

மெக்லீன் சும்மா இருக்கவில்லை. வட கரோலினாவில் பிரம்மாண்டமான பண்ணை, பன்றி வளர்ப்பு, சுற்றுலா விடுதி நிலம் என்று எதையெதையோ முயன்றார். எதிலும் மனம் நிற்கவில்லை போல. 1978-ல், அறுபத்து நாலு வயதில், யுனைடெட் ஸ்டேட்ஸ் லைன்ஸ் என்ற பழம்பெரும் கப்பல் கம்பெனியை வாங்கினார்.

இந்த முறை பாடம் கற்றுக்கொண்டதாக நினைத்தார். எண்ணெய் விலை ஏறிக்கொண்டே போகும், எனவே மெதுவான, மிகப்பெரிய, எண்ணெய் சிக்கனமான கப்பல்கள்தான் வழி. தென்கொரியாவின் டேவூ கம்பெனியிடம் 12 கப்பல்களுக்கு ஆர்டர். மதிப்பு 57 கோடி டாலர். இவை கிழக்கு நோக்கியே போய் உலகத்தைச் சுற்றி வரும், திரும்பவே திரும்பாது. காகிதத்தில் அழகான திட்டம். 1984-ல் ஓட்டம் தொடங்கியது. அடுத்த இரண்டே வருஷத்தில் எண்ணெய் விலை சரிந்து விழுந்தது.

எண்ணெய் மலிவானால் மெதுவான கப்பலுக்கு என்ன மரியாதை? போட்டியாளர்கள் வேகமாகப் போனார்கள். சரக்குக் கட்டணம் சரிந்தது. 1986 நவம்பரில் கம்பெனி திவால் மனு கொடுத்தது. கடன் நூறு கோடி டாலருக்கும் மேல். அமெரிக்கா அதுவரை கண்ட பெரிய திவால்களில் ஒன்று. வேலை போனது ஆயிரக்கணக்கானவர்களுக்கு. அந்த 12 கப்பல்களை 1988-ல் மிகக் குறைந்த விலைக்கு வாங்கியது யார் தெரியுமா? சீ-லேண்ட். அவரே தொடங்கி, அவரே விற்ற கம்பெனி.

எண்ணெய் மலிவு என்று நம்பி ஒரு முறை, மலிவாகாது என்று நம்பி ஒரு முறை. இரண்டிலும் கணக்கு நேர்த்தியாக இருந்தது, ஊகம் தப்பியது. இரண்டாவது முறை அடி பட்டது அவர் சொந்தப் பெயருக்கு. சில காலம் பொதுவெளியில் தலைகாட்டாமல் இருந்தார்.

53 அடி எங்கிருந்து வந்தது?

இதற்குள் பெட்டி அவர் கையை விட்டு வேறு பாதையில் போய்க்கொண்டிருந்தது. 1977-ல் சதர்ன் பசிபிக் ரயில்வே ஒரு பெட்டியின் மேல் இன்னொன்றை அடுக்கும் ரயில் வேகனை முயன்றது. 1984-ல் ஏபிஎல் கம்பெனி அதை வழக்கமான ரயில் சேவையாக்கியது. ஆசியாவிலிருந்து வந்த பெட்டிகள் அமெரிக்காவின் உள்ளே போயின. திரும்பும்போது மீண்டும் அதே தலைவலி, ரிட்டர்ன் லோடு. சரி, உள்நாட்டுச் சரக்கையே ஏற்றுவோம் என்றால், வாடிக்கையாளர்கள் லாரியோடு ஒப்பிட்டார்கள். 1982-ல் வந்த மத்திய சட்டம் 48 அடி நீளம், எட்டரை அடி அகலமுள்ள டிரெய்லர்களை எல்லா மாநிலமும் அனுமதிக்க வேண்டும் என்றது. 40 அடி நீளமும் எட்டு அடி அகலமும் உள்ள கடல் பெட்டி அதன் பக்கத்தில் குட்டியாகத் தெரிந்தது.

அதனால் கடலுக்கே போகத் தேவையில்லாத பெட்டிகள் பிறந்தன. முதலில் 48 அடி, 1980-களின் முடிவில் 53 அடி. ஆனால் கிரேன்கள் எல்லாம் 40 அடிக்குப் பழகிவிட்டன, அடியில் இருக்கும் பெட்டியும் பெரும்பாலும் 40 அடிதான். எனவே நீளத்தைக் கூட்டினாலும் தூண்களை 40 அடியிலேயே நிறுத்தினார்கள். முன்னும் பின்னும் ஆறரை அடி சும்மா நீட்டிக்கொண்டிருக்கும். உங்க கையில் இருந்த மாடலில் தூண் உள்ளே தள்ளி இருந்ததற்குக் காரணம் இதுதான்.

நம்ம ஊரிலும் பெட்டி இதே மாதிரி இடத்துக்கு ஏற்ப வளைந்து கொடுத்திருக்கு. 1973-ல் கொச்சிக்கு முதல் கன்டெய்னர் கப்பல் வந்தது. 1981-ல் பெங்களூரில் உள்நாட்டு கன்டெய்னர் கிடங்கு, 1983-ல் சென்னையில் கன்டெய்னர் முனையம், 1988-ல் கான்கார் நிறுவனம் என்று அடுத்தடுத்து நடந்தன. அமெரிக்காவில் சாலை நீளத்தை முடிவு செய்தது என்றால், இங்கே மின்கம்பி உயரத்தை முடிவு செய்தது. வழக்கமான ரயில் மின்கம்பிக்குக் கீழே இரண்டு அடுக்கு நுழையாது. எனவே 2018-ல் குஜராத்தின் ராஜ்கோட்டிலிருந்து 6 அடி 4 அங்குல உயரமே உள்ள குள்ளப் பெட்டிகளை இரண்டடுக்காக ஏற்றி ரயில்வே ஓட்டியது. ஒரு எச்ஓ மாடல்காரர் அதைச் செய்தால் இரண்டேகால் சென்டிமீட்டர்கூட உயரம் வராது.

கடைசிக் கம்பெனி

மெக்லீனுக்கு இன்னொரு ஆட்டம் பாக்கி இருந்தது. 1991-ல், எழுபத்தேழு எழுபத்தெட்டு வயதில், டிரெய்லர் பிரிட்ஜ் என்ற புதிய கம்பெனியைத் தொடங்கினார். பெரிய உலகக் கனவு எதுவும் இல்லை. புளோரிடாவின் ஜாக்சன்வில்லிலிருந்து ஒரே ஒரு ஊருக்குப் படகு. அந்த ஊர் சான் ஹுவான். 1958-ல் நான்கு மாதம் அவர் கப்பல்களைக் காக்க வைத்த அதே துறைமுகம். போர்ட்டோ ரிகோ அமெரிக்க ஆளுகைக்கு உட்பட்ட தீவு என்பதால், இதுவும் உள்நாட்டுப் பயணம்தான்.

படகில் அடுக்கியது ஐஎஸ்ஓ அளவுப் பெட்டிகளை அல்ல. 48 அடி, பிறகு 53 அடி. சாலையில் ஓடும் லாரி எவ்வளவு நீளமோ அவ்வளவு நீளம். 1950-களில் 35 அடி என்று முடிவெடுத்தபோது போட்ட அதே கணக்கு.

2001 மே 25 அன்று நியூயார்க்கில், மன்ஹாட்டன் வீட்டில் அவர் இறந்தார். வயது 87. இறுதிச் சடங்கு நடந்த காலையில் உலகின் பல கடல்களில் இருந்த கன்டெய்னர் கப்பல்கள் சங்கு ஊதின.